உருமாறிய காதல்

பத்துமலையில் 1892 முதல் தைப்பூச வழிபாடு ஏற்கும் முருகனே, கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளியின் பொருட்டுப் பல உருக்கொண்டவன். வேடனாய் வந்தான், நம்பியைக் கண்டு வேங்கைமரமானான், பின்னர்க் கிழவனாய்த் தேனும் தினைமாவும் இரந்தான். இதுவரை நகைக்கலாம். யானை வருமிடத்தில் நமக்கு நகைப்பு எழவில்லை. அண்ணனை யானையாக வரவழைத்துப் பெண்ணை நடுங்கவைத்து, அந்நடுக்கத்தால் அவள் தழுவியதை இசைவென்று கொள்வது முறையா? முற்பிறப்பில் அவனையே விரும்பித் தவஞ்செய்தவளன்றோ என்பர் அன்பர். தினைப்புனத்தில் நின்றவளுக்கு அந்நினைவு ஏது?

இந்நாட்டு மலாய் மக்களிடமும் உருமாறுவோர் கதையுண்டு. சுமாத்திராவின் கொரிஞ்சி நாட்டாரிற் சிலர் புலியாய் மாறுவர் என்பது அது. மேலுதட்டில் நடுக்குழிவு இல்லாமையே அவர்க்கு அடையாளமாம். ஊரிலே மனைவியிருக்க, அதை மறைத்துத் தோட்டத்திலோ பட்டணத்திலோ பெண் கேட்பவனுக்கு அப்படியோர் அடையாளமும் இல்லை! அவனை நம்பி இசைந்தவள் யாருக்கு இசைந்தாள்? இல்லாத ஒருவனுக்கு.

ஆறுமுகமும் வெளிப்பட்டபின் வள்ளி சொன்னதையே நாம் பெரிதாகக் கொள்கிறோம். இவ்வுருவை முன்னமே காட்டாது இத்தனை காலமும் வீணாக்கினீரே என்றாள். உடனே தன் குற்றத்தைப் பொறுக்கவும் வேண்டினாள். கிழவனைச் சினந்து விலகியதைத்தான் எண்ணினாள் போலும். அது குற்றமென்று நாம் கருதவில்லை.