பெயர் எழுதும் கட்டம்

நான் பி.காம். படித்த கல்லூரியிலிருந்து ஒரு கவர் வந்தது. நூலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டுகிறார்களாம். கூடவே வழவழ தாளில் ஒரு பட்டியல்: பிளாட்டினம், தங்கம், வெள்ளி. கொடுக்கிற தொகைக்கு ஏற்ற அளவில் கல்வெட்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னென்ன புத்தகம் வரப்போகிறது என்று நான் பார்க்கவில்லை. வெள்ளிக்காரர்களின் பெயர் எந்தச் சுவரில் வரும் என்றுதான் தேடினேன்.

கோயில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். 'உபயம்' எழுத்து போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம். சிரிக்கிறோம். ஆனால், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமே ஒரு டியூப்லைட்தான்!

எலிஹு யேல், நம்ம சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னர். சொந்த வியாபாரத்தில் ஏகத்துக்குச் சம்பாதித்தார் என்ற புகாரில் பதவி போனது. லண்டன் திரும்பிய அந்தப் பணக்காரருக்கு, நிதியில்லாமல் தவித்த ஒரு சின்னக் கல்லூரிக்காக, காட்டன் மேதர் என்ற பாதிரியார் 1718-ல் கடிதம் போட்டார். உங்கள் பெயரையே வைத்துவிடலாம், எகிப்து பிரமிடைவிட மேலானது என்று தூண்டில். யேல் ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், ஒரு ராஜா படமும் அனுப்பினார். சரக்கு விற்றதில் தேறியது சுமார் 560 பவுண்டு. பெயர் முந்நூறு வருஷமாக நிற்கிறது. அதே கல்லூரிக்காகப் பலரிடம் கேட்டு எண்ணூறுக்கும் மேற்பட்ட புத்தகங்களைச் சேர்த்து அனுப்பியவர் ஜெரமையா டம்மர். கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

லாபமான பேரம் என்கிறது என் பி.காம். மூளை. ஆனால், யேல் கவர்னராக இருந்தபோது சென்னையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். பெயரைப் பொறித்தால் இதுவும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. தன் வரலாற்றில் இருந்த அடிமைத்தொடர்புகளுக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

கல்லூரிக்காரரிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "பலகை இல்லேன்னா யார் சார் கொடுப்பாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பட்டியலில் பெயர் தேடியவன் நான்தானே?

அன்று மாலை புதுச்சேரி பாரதி பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்து முத்திரையர்பாளையத்தில் குளம் வெட்டிய தாசி ஆயி என்பது ஊர்க்கதை. மண்டபம் எழுந்தது ரொம்பக் காலம் கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில். கட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை. கட்டியவர்கள் அவளைப் பார்த்ததுகூட இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்.

செக் எழுதி வைத்துவிட்டேன். படிவத்தில், 'கல்வெட்டில் பெயர் எப்படி இடம்பெற வேண்டும்?' என்று ஒரு கட்டம். இரண்டு நாளாகக் காலியாகவே கிடக்கிறது.