இது போதுமா?

ஒரு கணக்கு. ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?

சிரிக்காதீர்கள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் 1980-ஐ ஒட்டி இந்த மாதிரிக் கணக்கை எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் 97 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 76 பேர், இருக்கிற எண்களை வைத்து ஏதோ செய்து, கேப்டனுக்கு ஒரு வயது சொல்லிவிட்டார்கள்! குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது. வாத்தியார் கேட்டால் விடை இருக்கும், எண் கொடுத்தால் அதைக் கூட்டத்தான் கொடுத்திருப்பார். இதைத்தானே நாம் சொல்லிக்கொடுக்கிறோம்?

2018 ஜனவரியில் இதே ஆடுகள் சீனாவில் கரையேறின. சிச்சுவான் மாகாணத்தில் ஒரு ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்து, இன்டர்நெட்டில் ஒரே அமளி. தப்பாகக் கேட்கவில்லை, பிள்ளைகள் யோசிக்கிறார்களா என்று பார்க்கத்தான் கேட்டோம் என்றது அங்கிருந்த கல்வித் துறை. ஒரு குழந்தை, கேப்டனுக்குக் குறைந்தது 18 வயதாவது இருக்கும், மேஜராகாமல் கப்பல் ஓட்ட முடியாதே என்று எழுதியிருந்ததாம். எனக்கு அந்தக் குழந்தையை ரொம்பப் பிடித்துவிட்டது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லி, அங்கேயே நிறுத்திக்கொண்டது பாருங்கள்.

பள்ளிக்கூடம் முழுக்க 'விடை உண்டு' என்றே பழகிய நம் பிள்ளைகள், இருபத்திரண்டு வயசு வாக்கில் ஒரு விசித்திரமான கேள்வித்தாளைச் சந்திக்கிறார்கள். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஜீமேட் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். பாங்க் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் தெரியும். 'டேட்டா சஃபிஷியன்சி' என்று பெயர். ஒரு கேள்வி, அதற்குக் கீழே இரண்டு தகவல்கள். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா என்று மட்டும் கேட்பார்கள். ஜீமேட்டில் எப்போதும் அதே ஐந்து சாய்ஸ்: முதல் தகவல் மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், தனித்தனியாகவே போதும், இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

கடைசி சாய்ஸை இன்னொரு தடவை படியுங்கள். 'தெரியாது' என்பதற்கு முழு மார்க் போடுகிற பரீட்சை!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? ஒரு பையன் 7 ரூபாய் பேனாக்களும் 11 ரூபாய் நோட்டுகளும் வாங்கினான். பேனா எத்தனை? தகவல் ஒன்று: மொத்தம் 75 ரூபாய் ஆச்சு. தகவல் இரண்டு: பேனாவும் நோட்டும் சேர்த்து 9.

உங்களுக்குப் பழைய அல்ஜீப்ரா ஞாபகம் வந்திருக்கும். தெரியாதது இரண்டு, ஆகவே சமன்பாடு இரண்டு வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் விடை வரும். கோச்சிங் சென்டர் வாசலில் நிற்கிற பாதிப் பேர் இதைத்தான் டிக் அடிப்பார்கள். தப்பு. அரைப் பேனா வாங்க முடியாது, கால் நோட்டு வாங்க முடியாது. நோட்டு ஒன்று என்று வைத்துப் பாருங்கள்: மீதி 64, ஏழால் வகுபடாது. இரண்டு: மீதி 53, ஊஹூம். மூன்று: மீதி 42, ஆறு பேனா. நாலு, அஞ்சு, ஆறு... எதுவும் சரிப்படாது. நோட்டே வாங்கவில்லை என்றாலும் 75 ஏழால் வகுபடாது. ஆக, 75 ரூபாய் என்ற ஒரே தகவலில் விடை முழுசாக இருக்கிறது. இரண்டாவது தகவல் தேவையே இல்லை.

கையில் இருப்பதே போதும் என்று தெரியாமல் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது ஏதோ மேத்ஸ் பலவீனம் என்று நினைக்காதீர்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு. பெண் சொல்கிறாள்: 'எனக்கு வேண்டாம்மா.' உடனே அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா எல்லோரும் இரண்டாவது தகவல் கேட்கிறார்கள். ஏன் வேண்டாம்? யாரையாவது மனசுல வெச்சிருக்கியா? அவன்கிட்ட என்ன குறை? கேள்வி என்னவோ, 'இந்தக் கல்யாணத்துக்கு இவள் சம்மதிக்கிறாளா?' என்பதுதான். அவள் சொன்ன ஒரு வார்த்தையிலேயே விடை வந்துவிட்டது. அதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு 'ஏன்'னும் விவரம் கேட்பதாகத் தோன்றினாலும் பேரம்தான்.

இது ஒரு பக்கம். மறுபக்கம்தான் அதிக ஆபத்து. அதுவும் நம் வீட்டுக்குள்ளேயே நடப்பது.

அரைப் பவுன் மோதிரம் ஒன்று காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: வீட்டு வேலைக்கு வருகிற அக்கா எடுத்தாரா? தகவல் ஒன்று: அன்றைக்கு வீட்டுக்குள் வந்த வெளியாள் அவர் மட்டும்தான். தகவல் இரண்டு: போன வாரம்தான் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கேட்டார், நீங்கள் தரவில்லை.

இரண்டையும் படித்தவுடன் மனசுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டதா இல்லையா? 26-ஐயும் 10-ஐயும் கூட்டுகிற சத்தம்தான் அது.

இந்தக் கணக்குகளைச் சொல்லித்தருகிறவர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரு எளிய வேலை. முதல் தகவலைப் பார்த்து முடித்ததும் அதைக் கையால் மூடிவிட வேண்டும். இரண்டாவதைத் தனியாக, புதுசாகப் படிக்க வேண்டும். செய்து பாருங்கள். 'போன வாரம் ஒருவர் அட்வான்ஸ் கேட்டார்.' அவ்வளவுதான் இருக்கிறது அங்கே. மோதிரம் தொலையாமல் இருந்திருந்தால் இதே தகவலுக்கு 'பாவம், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் போல' என்றுதான் அர்த்தம் செய்திருப்பீர்கள். பணம் தேவைப்படுவது குற்றத்தின் அடையாளம் என்றால் ஈ.எம்.ஐ. கட்டுகிற நம் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட வேண்டியதுதான். முதல் தகவலின் சாயம் இரண்டாவதில் ஒட்டிக்கொள்கிறது. ஒருவரைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றி யாரோ காதில் போட்டுவைத்த ஒரு வரி, அப்புறம் அவர் சிரித்தால்கூட வேறு மாதிரி தெரிவதில்லையா, அதுதான்.

அடுத்த வேலை இன்னும் முக்கியம். தகவல் போதாது என்று காட்ட எல்லாவற்றையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கொடுத்த தகவல்களுக்குப் பொருந்துகிற, ஆனால் வேறு விடை தருகிற இன்னொரு உதாரணம் ஒன்றே ஒன்று போதும். சப்பாத்தி மாவு பிசையக் கழற்றி வைத்தீர்கள், ஈரமான தோலோடு தோலாகக் குப்பைக்குப் போயிருக்கலாம். சட்டைப் பையில் போட்டு, சட்டை வாஷிங் மெஷினுக்குள் போயிருக்கலாம். இரண்டு தகவல்களும் அப்படியே நிஜமாக இருக்கும்போதே இந்தக் கதையும் நிஜமாக இருக்க முடியும். முடிந்தது. கடைசி சாய்ஸ்: இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

ஏதோ பரீட்சைச் சாமர்த்தியம் என்று தோன்றினால், நம் சுப்ரீம் கோர்ட்டைக் கேளுங்கள். 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கு. மகாராஷ்டிராவில் ஓர் இளம் மனைவியின் மரணம், கணவன் மேல் கொலைக் குற்றச்சாட்டு. நேரில் பார்த்த சாட்சி கிடையாது, எல்லாம் சூழ்நிலைச் சாட்சியம். கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தண்டித்தவரைச் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து நிபந்தனைகளைத் தொகுத்துச் சொன்ன அந்தத் தீர்ப்பை இன்றும் கோர்ட்டுகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். அதன் சாரம் இதுதான்: 'இவர் குற்றவாளி' என்ற கதைக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, நியாயமாக யோசித்தால் வேறு எந்தக் கதைக்கும் பொருந்தாமல் இருக்க வேண்டும். அந்த மாதிரித் தீர்ப்புகளைப் படிக்கும்போது, 'அப்ப அந்தப் பொண்ணு எப்படித்தான் செத்துப்போச்சு?' என்று மனசு முணுமுணுக்கத்தான் செய்யும். 'போதாது' என்ற விடையின் கஷ்டமே அதுதான். அது 'இவர் செய்யவில்லை' என்றும் சொல்வதில்லை. நம்மை நடுவிலேயே நிற்க வைக்கிறது.

இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் என்று ஒரு கணித மேதை இருந்தார். முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். 1877-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான் (மறுபடியும் கப்பல்!). கப்பல் பழசு, ஓட்டை உடைசல் என்று சந்தேகம். 'இத்தனை தடவை போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்ததுதானே' என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு அனுப்பிவிடுகிறான். அது மூழ்குகிறது. அவன் குற்றவாளி, இதில் யாருக்கும் சந்தேகமில்லை. கிளிஃபோர்ட் அடுத்துச் சொல்வதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் அதே அளவு குற்றவாளிதான், ஏனென்றால் அப்படி நம்ப அவனிடம் போதுமான ஆதாரம் இல்லை. யோசித்துப் பாருங்கள், அந்த அக்கா நிஜமாகவே எடுத்திருந்தாலும், இந்த இரண்டு தகவலை மட்டும் வைத்து அவரைத் திருடி என்றது தப்புதான்.

அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு 1896-ல் பதில் கொடுத்தார். சில விஷயங்களில் ஆதாரம் வரட்டும் என்று காத்திருப்பதே ஒரு முடிவு எடுத்ததுபோல்தான் என்றார் அவர். இதையும் தள்ளிவிட முடியவில்லை. ஜீமேட்டில் 2023-ல் வந்த புதிய முறைப்படி இந்தக் கணக்குகள் வேறு வகைக் கேள்விகளோடு கலந்து வருகின்றன, மொத்தம் 20 கேள்விக்கு 45 நிமிஷம். 'போதாது' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். வீட்டில் அப்படி முடியுமா? நாளைக்குக் காலை ஆறரை மணிக்குக் காலிங்பெல் அடிக்கும். நீங்கள்தான் கதவைத் திறக்க வேண்டும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள், அப்போது கேள்வி மாறிவிட்டது. 'அவர் எடுத்தாரா?' என்பதற்கு உங்களிடம் விடை இல்லை. 'நாளைக்கு அவரிடம் எப்படி நடந்துகொள்வேன்?' என்பது வேறு கேள்வி. அதற்கு வேண்டிய தகவல்கள் வேறு. எத்தனை வருஷமாக வருகிறார்? இந்த ஏரியாவில் திருடி என்று பெயர் வந்துவிட்டால் இன்னும் எத்தனை வீட்டு வேலை போகும்? பீரோ சாவியை இனிமேல் எங்கே வைக்கப் போகிறீர்கள்? இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அல்லது யோசித்தால் தெரிந்துவிடும். குப்பைக் கூடையை இன்னும் ஒரு தடவை கிளறிப் பார்க்கவும், வாஷிங் மெஷினின் ஃபில்டரைத் திறந்து பார்க்கவும் காலை ஆறரை வரை நேரமும் இருக்கிறது.