பதினைந்தாவது ஆள்

எங்களூர்ப் புடைவைக் கடையொன்று பத்து வருடங்களில் இரு மாடியாக வளர்ந்தது. ஊழியர் தொகை மட்டும் 14ஐத் தாண்டவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் 15 பேரிலிருந்துதான் முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது: ஐந்து வருடம் பூர்த்தியான மாதச் சம்பளக்காரர் விலகும்போது வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம். ஆட்கணக்குப் பார்க்காத சேமலாப நிதிக்கு அவர் தமது 12 சதவீதத்தை ஒழுங்காகக் கட்டியே வந்தார்.

என்னிடம் படித்த ஒருவன் அங்கு ஒன்பது வருடம் துணி மடித்தான். விலகியபோது கிடைத்தவை ஒரு சாரனும் ஒரு துஆவும். முதலாளியிடம் கேட்டேன். "எல்லாரும் எண்ட புள்ளையள்தான் சேர். வாப்பாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல என்ன சட்டம்?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, சட்டத்தை மீறவுமில்லை. எனினும் ஒன்று உறுத்துகிறது. பிள்ளையென்றால் சொத்தில் பங்குண்டு. ஊழியனென்றால் கணக்குண்டு. இரண்டுமற்ற உறவை எவ்வாறு அழைப்பது? அன்பு, கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது; உரிமை அவ்வாறன்று. ஆட்கள் பெருகும்போது முதலாளியின் மனம் எல்லோருக்கும் எட்டாது, கணக்கு எட்டும்.

"நல்ல மனிசன், போய்ச் சேர்ந்துகொள்" என்று அவனை அங்கு அனுப்பியவன் நான்தான். ஓய்வூதியம் நிச்சயமான ஒருவனுக்கு அவ்வாறு சொல்வது இலகுவாக இருந்தது.