விலக்கப்பட்ட புள்ளிகள்

பிறரை ஏமாற்றும் எண்ணம் சிறிதுமில்லாத ஒருவன் உண்மைக்குத் தவறிழைத்தல் கூடுமா? ஒழுக்கவியலாளர் நெடுங்காலமாக வாதித்துவரும் இவ்வினா, குவாண்டம் கணினி ஆய்வுகூடத்திலும் எழுந்ததுண்டு.

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயரால் இலங்கைத் தமிழர் செவிக்குப் பழகியது நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரம். அங்கு லியோ கௌவன்ஹோவன் தலைமையிலான குழுவினர் 2018இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எற்றோரே மயோரானா 1937இல் கோட்பாட்டளவில் முன்மொழிந்த துகளை ஒத்த நிலையொன்று நுண்ணிய குறைகடத்திக் கம்பியில் இருக்குமாயின், அதன் மின்கடத்தல் எப்பெறுமானத்தில் நிலைக்கவேண்டுமோ அப்பெறுமானத்திலேயே நிலைத்தது என்பது அதன் சாரம். அந்நிலை கைகூடின், புறக்குழப்பங்களால் எளிதிற் சிதையாத குவாண்டம் கணினியை அமைக்கலாம் என்பது எதிர்பார்ப்பு. மைக்றோசொஃப்ற் நிறுவனமும் அவ்வழியையே நம்பிப் பொருள் செலவிட்டது.

முன்னர் அதே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய வின்சென்ற் மௌரிக், சேர்ஜி ஃபுரோலொவ் ஆகிய இருவரும் மூலத்தரவுகளைக் கேட்டனர். வெளியிடப்படாத வீச்சுக்களையும் சேர்த்து மீள வரைந்தபோது, புள்ளிகள் சில வழு எல்லைக்கு வெளியே கிடந்தன. 2021 மார்ச்சில் கட்டுரை மீளப்பெறப்பட்டது. விசாரித்த நிபுணர்கள், வேண்டுமென்றே புனைந்தமைக்குச் சான்றில்லை எனவும், ஆய்வாளர் உற்சாக மிகுதியில் அள்ளுண்டனர் எனவும் முடிவுசெய்தனர்.

முடிவு நேர்மையானதே. ஆயினும் வஞ்சகமின்மை வேறு, வாய்மை வேறு. எண்ணிறந்த அளவீடுகளுட் சிலவற்றைத் தெரிந்தெடுக்காது எந்த ஆய்வுக்கட்டுரையும் எழுதப்படுவதில்லை. பழுதுற்ற சாதனத்தின் அளவீட்டை விலக்குதல் கடமையுங்கூட. இடர் யாதெனில், எதிர்பார்ப்புக்கு ஒவ்வாத அளவீடு பழுதுற்ற அளவீட்டைப் போன்றே தோற்றுவதாகும். தனிச்சுழியத்துக்கு அண்மையான குளிரில் நிகழும் இச்சோதனையை வாசகன் தானே செய்துபார்த்தல் இயலாது; அவன் காண்பது வரைபு ஒன்றையே. (கலைப்பீடத்தார் மட்டுமல்லர், பௌதிகவியலாளரிற் பெரும்பாலோரும் இவ்விடயத்தில் வெறும் வாசகரே.) ஆதலின் ஆய்வாளனது வாய்மை அவன் உள்ளத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று, எவற்றை விலக்கினான், ஏன் விலக்கினான் என்பவற்றை அவன் வெளியிட்டானா என்பதிலும் தங்கியுள்ளது. நல்லெண்ணம் அவனைப் பழியிலிருந்து காக்கலாம். விலக்கிய புள்ளியை வரைபில் மீட்டுவைக்கமாட்டாது.

கேட்டவர் நிலையும் எளிதன்று. மயோரானா நிலையின் அறிகுறிகளை அதே ஆய்வுகூடம் 2012இல் அறிவித்த கட்டுரையின் முதலாசிரியர் மௌரிக்கே. ஃபுரோலொவும் அதன் ஆசிரியருள் ஒருவர். தமக்குப் புகழ் தேடித்தந்த நம்பிக்கையை நோக்கியே அவர்கள் வினாத் தொடுக்க நேர்ந்தது.