நொதுமலரின் உவகை

ஒரு பொருளின்மேல் ஆழ்ந்த பற்று வைத்தவரே அதன் சுவையை முழுதும் அறிவர் என்னும் கருத்து கலை, சமயம், அரசியல் ஆகிய எல்லாத் துறைகளிலும் ஏறத்தாழ வினவப்படாமலே ஏற்கப்படுகிறது; ஐரோப்பியக் கால்பந்தைச் சூழ்ந்து வளர்ந்த பண்பாட்டில் அக்கருத்து ஓர் ஒழுக்க விதியாகவே இறுகிவிட்டது. தந்தை ஆதரித்த கழகத்தையே மகனும் ஆதரிப்பது, அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும் அரங்கில் தனக்குரிய இடத்தைக் காலியாக விடாதிருப்பது, பருவச்சீட்டை, அதாவது ஓராண்டில் சொந்த அரங்கில் நடைபெறும் லீக் ஆட்டங்கள் அனைத்துக்குமான நுழைவுச்சீட்டை, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிப்பது ஆகியவை அவ்விதியின் கூறுகள். அவ்விதிக்குள் அடங்காமல் ஆண்டுக்குச் சில ஆட்டங்களை மட்டும் பார்த்து, இன்று ஓர் அணியின்பாலும் நாளை மற்றோர் அணியின்பாலும் மனம் சாய்ந்து, புள்ளிப்பட்டியலை மேலோட்டமாகப் படித்து மகிழ்பவரை அப்பண்பாடு ஐயத்தோடே நோக்குகிறது. இங்கிலாந்தில் அவருக்குப் 'பிளாஸ்டிக் ரசிகர்' என்று பெயர். பிரான்சில், 1998ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குச் சின்னமாக வரையப்பட்ட நீலச் சேவலின் பெயரான 'ஃபூட்டிக்ஸ்' என்பது, வெற்றி வந்தபின் வந்து சேரும் ரசிகரைச் சுட்டும் ஏளனச் சொல்லாகிவிட்டது. குழந்தைகளை மகிழ்விக்க வரைந்த சேவலுக்கு இத்தகைய கதி நேர்ந்தது இரங்கத்தக்கதே.

தமிழ் உரையாசிரியர்கள் மனித உறவைப் பகை, நட்பு, நொதுமல் என மூன்றாகப் பகுப்பர். பகையும் நட்பும் அல்லாத அயன்மை நொதுமல். அந்நிலையில் இருப்போர் நொதுமலர். கால்பந்து அரங்கில் பகைக்கும் நட்புக்கும் கொடிகளும் பாடல்களும் தனித்தனி வாயில்களும் உண்டு. நொதுமலருக்கு அங்கே உரிமையுள்ள இடம் ஏதேனும் உண்டா, அவர் பெறும் உவகை குறைபட்ட உவகையா என்பதே இங்கு எழும் கேள்வி. விளையாட்டைப் பற்றி எழுதும் மெய்யியலாரும் இதனை எண்ணிப் பார்த்துள்ளனர். நிக்கோலஸ் டிக்சன் 2001இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரே அணியைப் பற்றி நிற்கும் சார்பாளரையும், எவர் ஆடினும் ஆட்டத்தின் நேர்த்தியையே விரும்பும் தூய சுவைஞரையும் வேறுபடுத்தி, மிதமான சார்பாளரே மேலானவர் என்று வாதிட்டார். ஸ்டீஃபன் மம்ஃபோர்டு 2011இல் வெளியிட்ட நூலில் தூய சுவைஞரின் பக்கம் நின்றார். இருவரின் பகுப்பிலும் நொதுமலராகிய எளிய ரசிகர் சரியாகப் பொருந்துவதில்லை. அவரிடம் சார்பாளரின் உறுதி இல்லை. தடுப்பாட்ட வரிசை எவ்வளவு முன்னேறி நிற்கிறது என்பதைக் கணித்துச் சுவைக்கும் நுண்ணறிவும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் ஆட்டத்தைக் கதையாகப் பார்க்கிறார். யாருக்கு என்ன நேரப்போகிறது என்னும் ஆவலே அவரை அமர்த்தி வைக்கிறது.

இத்தகையவர் தொலைக்காட்சியும் விளம்பரமும் அண்மையில் பெற்றெடுத்த பிள்ளை என்று கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பாவின் பல நாட்டுக் கழகங்கள் தம்முள் மோதும் போட்டி, இன்று சாம்பியன்ஸ் லீக் என வழங்குவது, ஒரு நாளிதழ் அலுவலகத்தில் கருக்கொண்டது. 1954 டிசம்பரில் ஹங்கேரியின் ஹொன்வேட் அணியை 3-2 என வென்ற இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் அணியை ஆங்கில நாளிதழ்கள் உலகின் முதன்மை அணி என்று கொண்டாடியபோது, அதனை ஏற்க மறுத்த பிரெஞ்சு விளையாட்டு நாளிதழ் 'லெக்கிப்'பின் ஆசிரியர் கப்ரியேல் அனோ, அப்பெருமையை முறையான போட்டி ஒன்றால் முடிவு செய்யலாம் என முன்மொழிந்தார். 1955இல் 16 கழகங்களோடு அப்போட்டி தொடங்கியது. தன் ஊர் அணி ஆடாத ஆட்டத்தையும் படிக்க விரும்பும் வாசகர் ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையில் பிறந்த போட்டி இது என்பதால், நொதுமலர் இதன் வாயிலில் வந்து நிற்கும் அழையா விருந்தினர் அல்லர்; இலை போடும்போதே எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டவர்.

அவரது மிகச் சிறந்த இரவு 1960 மே 18 அன்று கிளாஸ்கோவில் அமைந்தது எனலாம். ஹாம்ப்டன் பார்க் அரங்கில் அன்று ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டும் ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டும் இறுதி ஆட்டத்தில் மோதின. அதற்கு முன் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 12-4 என்னும் கணக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டிடம் தோற்றிருந்தது அதே நகரத்தின் ரேஞ்சர்ஸ் கழகம். ஆகவே கூடியிருந்த 1,27,000க்கும் மேற்பட்டோருள் பெரும்பாலோருக்கு வெல்ல வேண்டிய அணி என்று எதுவும் இல்லை. பழி தீர்க்க விரும்பியோர் சிலர் இருந்திருக்கலாம். மாட்ரிட் 7-3 என வென்றது. புஷ்காஷ் நான்கு கோலும் டி ஸ்டெஃபானோ மூன்று கோலும் அடித்தனர். தம் ஊரார் ஒருவரும் ஆடாத அந்த ஆட்டத்தை முடிவுவரை பார்த்துக் கைதட்டிய அக்கூட்டத்தைப் 'பிளாஸ்டிக்' என்று எவரும் இன்றுவரை அழைத்ததில்லை. அவர்கள் சீட்டு வாங்கினர், நெரிசலில் நின்றனர், அரங்கின் ஓசையில் தம் குரலையும் சேர்த்தனர் என்பது கருதத்தக்கது.

எளிய ரசிகரின் உவகை எவ்வகையைச் சேர்ந்தது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நல்ல துணையாகிறது. வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் வழித் தோன்றும் என்பது அந்நூலின் கொள்கை; ஒன்று பிறிதொன்றாய்த் திரிவதை ஆக்கம் என்பர். ஐரோப்பியக் கோப்பையை 2024க்குள் 15 முறை வென்ற ரியல் மாட்ரிட் பெருமையால் வியப்பூட்டுகிறது. சிறுமையும் ஆக்கமும் ஒருங்கே வந்து கூடிய நிகழ்வு என்றால் லெஸ்டர் சிட்டியின் 2015-16 பருவத்தையே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லீக் முறையில், அதாவது ஒவ்வோர் அணியும் பிற அணிகள் ஒவ்வொன்றுடனும் இருமுறை ஆடிப் புள்ளி சேர்க்கும் முறையில், முதற்பிரிவின் கடைசி மூன்று இடங்களைப் பெறும் அணிகள் அடுத்த பருவத்தில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்படும். அதற்கு முந்தைய பருவத்தின் பெரும்பகுதியில் அந்த ஆபத்தில் கிடந்த லெஸ்டர், கடைசி வாரங்களில் மீண்டெழுந்து 14ஆம் இடத்தில் தப்பியிருந்தது. புதிய பருவத்தில் அது பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு 5,000 தருவதாக அறிவித்தன. அது நடக்கவே நடக்காது என்பதைப் பணத்தின் மொழியில் சொல்லும் முறை அது. சில ஆண்டுகளுக்கு முன் தொழில்முறை லீக்குகளுக்கும் கீழுள்ள பிரிவில் ஆடிக்கொண்டிருந்த ஜேமி வார்டி, பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து வந்த ரியாத் மஹ்ரெஸ், பெரிய கழகங்களின் கண்ணில் படாதிருந்த என்கோலோ காண்டே ஆகியோரைக் கொண்டு இத்தாலியப் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி நடத்திய அணி, 38 ஆட்டங்களில் 81 புள்ளிகள் பெற்று, இரண்டாம் இடத்து ஆர்செனலைவிடப் பத்துப் புள்ளிகள் முன்னே நின்று பட்டம் வென்றது.

அவ்வாண்டு லெஸ்டர் என்னும் நகரம் இங்கிலாந்தின் எப்பகுதியில் உள்ளது என்பதைக்கூட அறியாத பலர் வாரந்தோறும் அதன் முடிவுகளைத் தேடிப் படித்தனர். இவ்வகை ரசிகருக்குக் கிடைக்கும் பக்கப் பயன் இது. ஐம்பதாயிரம் அளவிலான மக்களே வாழும் வில்லாரியல் என்னும் ஸ்பானிய ஊர் ஓடு தயாரிப்புக்குப் பெயர்பெற்றது என்பதையும், அதன் அணி 2022இல் பேயர்ன் மியூனிக்கை வீழ்த்திச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குச் சென்றது என்பதையும் அவர் ஒருசேர அறிகிறார். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே போடோ என்றொரு நார்வே நகரம் உண்டு என்பது, அதன் போடோ கிளிம்ட் அணி 2021இல் ரோமா அணியை 6-1 எனத் தோற்கடித்த இரவில்தான் பலருக்குத் தெரிய வந்தது. ஆர்செனல் என்னும் பெயர் படைக்கலத் தொழிற்சாலையைக் குறிப்பதும், வெஸ்ட் ஹாம் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர் அணியாகத் தொடங்கியதும், ஐந்தோவனின் பி.எஸ்.வி. கழகம் பிலிப்ஸ் நிறுவனத்துக்குள் பிறந்ததும் இவ்வாறே தெரிய வருபவை. பற்றாளர் தம் ஊரை மேலும் ஆழமாக அறிகிறார். நொதுமலர் பிறர் ஊர்களை மேலோட்டமாக, ஆனால் எண்ணிக்கையில் மிகுதியாக அறிகிறார். இவற்றுள் ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் தீர்ப்பதற்கு வலுவான காரணம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆயினும் இவ்வுவகையில் ஒரு கடன் மறைந்துள்ளது. அது வெளிப்பட்ட நாள் 2020 மே 16. கொள்ளைநோயால் நின்றிருந்த ஜெர்மன் லீக் அன்று பார்வையாளர் இல்லாத அரங்குகளில் மீண்டும் தொடங்கியது. டார்ட்மண்டில், ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்ப்பதால் 'மஞ்சள் சுவர்' எனப் பெயர் பெற்ற தெற்குத் திண்ணை வெறும் கற்படிகளாகக் கிடந்தது. அண்டை நகரத்துப் பகையணியான ஷால்கேவை 4-0 என வென்ற வீரர்கள், ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல் அத்திண்ணையின்முன் சென்று, ஒருவரும் இல்லாத படிகளை நோக்கிக் கைகளை உயர்த்தினர். ஆட்டத்தில் குறை எதுவும் இல்லை. பந்து அதே பந்து, விதிகளும் அவையே. ஆனால் தொலைவிலிருந்து பார்த்தவர்க்கு அது பயிற்சி ஆட்டம்போல் தோன்றியது. சில வாரங்களுக்குள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஒளிபரப்பாளர்கள், முன்பு பதிவு செய்திருந்த கூட்டத்தின் ஓசையை விரும்புவோர்க்குச் சேர்த்து ஒலிக்கும் வசதியை அளித்தனர். தான் இதுகாறும் சுவைத்தது கால்பந்தை மட்டுமன்று, கால்பந்தைப் பொருட்படுத்துவோரின் இருப்பையுமே என்பதை எளிய ரசிகர் உணர அந்தச் செயற்கை ஆரவாரமே சான்றாயிற்று. தோல்வியில் உண்மையாகவே வருந்துவோர் எங்கோ இருப்பதால்தான் வெற்றி அவருக்குக் கதையாகிறது. பிறர் மூட்டி, விறகிட்டுக் காக்கும் நெருப்பில் அவர் குளிர்காய்கிறார்.

அந்த நெருப்பை அவர் பெயரைச் சொல்லியே அணைக்க முயன்றவர்களும் உண்டு. 2021 ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் 12 பெருங்கழகங்கள் 'சூப்பர் லீக்' என்னும் தனிப்போட்டியை அறிவித்தன. அத்திட்டப்படி 20 அணிகளுள் 15 நிறுவுநர் உறுப்பினராக நிலைத்திருக்கும். எவ்வளவு மோசமாக ஆடினும் அவற்றுக்கு இறக்கம் இல்லை. உள்ளூர்ப் பற்று இல்லாத, பெரிய பெயர்கள் மோதுவதையே விரும்பும் உலகளாவிய பார்வையாளர் என்னும் ஓர் உருவம் அத்திட்டத்தின் நடுவில் அமர்த்தப்பட்டிருந்தது. இது எளிய ரசிகரைத் தவறாகப் புரிந்துகொண்ட கணக்கு என்றே சொல்ல வேண்டும். லெஸ்டர் போன்றதொன்று நிகழ ஏறக்குறைய வழியே இல்லாத போட்டியில் மருட்கைக்கு எஞ்சுவது பெருமை ஒன்றுதான், பெருமையோ அன்றாடம் பரிமாறப்பட்டால் சலித்துப்போகும். ஆனால் அக்கணக்கைத் தகர்த்தவர் அவர் அல்லர். இரண்டு நாள் கழித்து லண்டனில் செல்சி அரங்கின் வெளியே தெருவை அடைத்து நின்ற பற்றாளர்களும் பிற ஊர்களில் அவர்களைப் போன்றோரும் எழுப்பிய எதிர்ப்பில் ஆறு ஆங்கிலக் கழகங்களும் அன்றிரவே விலகின. கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்னும் '50+1' விதி பொதுவாக நடப்பிலுள்ள ஜெர்மனியிலிருந்து ஒரு கழகம்கூட அத்திட்டத்தில் சேரவில்லை என்பதும் தற்செயலன்று. தொலைவில் இருந்தவர் செய்தியைப் படித்து, முடிவறிந்து மகிழ்ந்தார். அவ்வளவே.

இதனால் அவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. 2024 முதல் சாம்பியன்ஸ் லீக் 36 அணிகளாக விரிக்கப்பட்டு, ஒரு பருவத்தின் முதன்மைச் சுற்றுகளில் மட்டும் 125ஆக இருந்த ஆட்டங்கள் 189ஆகப் பெருகின. 2025 ஜனவரி 29 அன்று ஒரே நேரத்தில் 18 ஆட்டங்கள் நடைபெற்றன. இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கிய அவற்றையெல்லாம் விழித்திருந்து பார்ப்பது எவருக்கும் இயலாதது. எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயத்துக்கு ஆட்படாதவரே இப்பெருக்கத்தில் மூச்சுத் திணறாமல் இருக்கிறார். காலையில் எழுந்து முடிவுகளை மட்டும் படித்து, அவற்றுள் ஒன்றிரண்டில் கண் நின்று வியந்து, பிறகு தம் வேலைக்குச் செல்லும் அவரது அளவறிதல், விளையாட்டை விளையாட்டாகவே வைத்திருக்கும் ஒரு முறைதான். மறக்கும் உரிமை அவருக்கு உண்டு. பற்றாளருக்கு அது இல்லை.

அம்மறதி எவ்வளவு முழுமையானது என்பதை லெஸ்டரே காட்டியது. 2016 மே 7 அன்று கோப்பை வழங்கப்படுவதற்கு முன் அந்நகர அரங்கின் நடுவில் இத்தாலியப் பாடகர் ஆந்த்ரேயா போசெல்லி நின்று பாடியபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2023 மே 28 அன்று அதே அரங்கில் லெஸ்டர் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமை 2-1 என வென்றது. அதே நேரத்தில் லிவர்பூல் நகரில் எவர்டன் அணி போர்ன்மவுத்தை 1-0 என வென்றுவிட்டதால் லெஸ்டர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஏழாண்டுகளுக்கு முன் அவ்வணியைத் தம் அணி என்று சில மாதங்கள் சொல்லித் திரிந்தவர்களுள் பலர் அச்செய்தியை மறுநாள் புள்ளிப்பட்டியலின் அடியில் ஒரு வரியாகக் கண்டனர். சிலர் அதையும் காணவில்லை. அரங்கில் இருந்தவர்கள், வென்ற ஆட்டம் முடிந்த பிறகும், பிற ஊரின் முடிவு மாறக்கூடும் என்று கைப்பேசிகளைப் பார்த்தபடி இருக்கைகளிலேயே இருந்தனர்.