அழைப்பின் உரைகல்

புதிய சமய இயக்கம் ஒன்று ஒருவரைத் தன்னிடம் சேருமாறு அழைக்கும்போது, அது வருபவரிடம் எதைக் கேட்கிறது, அவருக்கு எதைத் தருகிறது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். தென் திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அய்யா வைகுண்டரின் இயக்கத்தை ஐயத்துடன் நோக்கிய அரசு, அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்தது. அங்குக் கிறித்தவத்தைப் பரப்பிவந்த இலண்டன் மிஷன் சபையினரும் அவ்வியக்கத்தைத் தங்கள் பணிக்குத் தடையாகவே கருதினர். எனினும், சாமித்தோப்பில் சாதி பாராது அனைவரும் நீரெடுக்கும் பொதுக் கிணற்றையும், வாகைப்பதியில் கூடி வாழ்ந்து தூய்மை பழகும் நோன்பாகிய துவையல் தவத்தையும், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த தலைப்பாகையையும் அவ்வியக்கம் எளியோருக்கு அளித்தது. மனிதரை நிமிரச் செய்யும் அழைப்பே ஏற்கத்தக்கது; அவருடைய கேள்விகளையும் உறவுகளையும் பறிக்கும் அழைப்பு எவ்வளவு இனிதாயினும் மறுக்கத்தக்கது.