பிச்சையா? பங்கா?

சுரண்டையிலே, பொழுது புலருமுன்னே பீடித் தட்டை மடியிலே ஏந்தி அமரும் தாய்மார்கள் பலர். இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, நூலால் கட்டி, ஆயிரம் என்ற கணக்கை எட்டவேண்டும், பிறகுதான் கூலி. அடுப்பு மூட்ட நேரமேது? அத்தகையவளின் பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் செல்கிறான். காலையிலும் அங்கே உணவு உண்டு, நண்பகலிலும் உண்டு. உண்கிறான், படிக்கிறான்.

இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் உளர். "இலவசம்! மக்களைச் சோம்பேறிகளாக்கும் இலவசம்!" என்று முழங்குகின்றனர், மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து அமர்ந்தபடி. ஆயிரம் பீடி சுற்றுபவளைப் பார்த்துச் சோம்பேறி என்று கூற எவ்வளவு துணிவு வேண்டும்! அது கிடக்கட்டும். அந்தக் கூச்சலுக்கு அடியிலே ஒரு கேள்வி இருக்கிறது. அதை நாம் தட்டிக் கழிக்கலாகாது. பிறர் கொடுக்கப் பெறுவது மனிதனின் மானத்தைக் குறைக்காதா? கையேந்திப் பழகியவன் தலை நிமிர்வானா? சுயமரியாதை பேசுவோர் நாம். நம்மைத்தான் இந்தக் கேள்வி முதலிலே தைக்கவேண்டும்.

குறைக்கும் — கொடுக்கும் முறை அப்படி அமைந்திருந்தால். இதுவே நம் விடை. மானத்தைக் குறைப்பதற்கென்றே கொடுத்த காலமும் உண்டு தோழர்களே! இங்கிலாந்திலே 1834இல் ஏழைகள் சட்டம் ஒன்று இயற்றினர். உதவி கேட்டு வருவோரை அடைக்க விடுதிகள். வெளியிலே மிகத் தாழ்ந்த கூலிக்காரன் வாழும் வாழ்வைவிட உள்ளே வாழ்வு கீழானதாக இருக்கவேண்டும் என்பது விதி! கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், மக்கள் வேறொரு பக்கம். ஏழை நிவாரணம் பெற்றவனுக்கு வாக்குரிமை இல்லை என்ற தடையும் இருந்தது; 1918இல்தான் அது நீங்கிற்று. கஞ்சியைக் கொடுத்து, குடிமகன் என்ற தகுதியைப் பறித்தனர்.

ஜெர்மனியின் பிஸ்மார்க் வேறொரு வகை. 1878இல் சோஷலிஸ்டுகளின் சங்கங்களையும் ஏடுகளையும் தடை செய்தார். பிறகு 1883இல் நோய்க்காப்பு, 1884இல் விபத்துக்காப்பு, 1889இல் முதுமைக்காப்பு என்று தொழிலாளருக்குச் சட்டங்கள் தந்தார். அடித்த கையே அணைத்தது. அணைத்தது அன்பினால் அல்ல, கிளர்ச்சி ஓயவேண்டும் என்பதற்காக. சட்டங்கள் நிலைத்தன. கிளர்ச்சியும் ஓயவில்லை, 1890இல் தடைதான் ஓய்ந்தது.

இவ்விரண்டுக்கும் மாறான ஒரு காட்சி வேல்ஸ் நாட்டு நிலக்கரி ஊராகிய ட்ரெடிகரிலே. அங்கே சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலே சில காசுகளைப் பிடித்துச் சேர்த்து, தாமே மருத்துவரை அமர்த்திக்கொண்டனர். நோயுற்றவன் எவனிடமும் கெஞ்சவேண்டியதில்லை. போட்டு வைத்ததை எடுக்கிறான். அந்த ஊரிலே பதின்மூன்று வயதிலே சுரங்கத்துக்குள் இறங்கிய சிறுவன் அன்யூரின் பெவன், பின்னாளில் நலத்துறை அமைச்சரானார். 1948 ஜூலை 5 முதல் நாடு முழுவதற்கும் மருத்துவம் பொதுவாயிற்று. சீமானும் செல்லலாம், சுரங்கத்தானும் செல்லலாம். "நீ ஏழை என்பதற்குச் சான்று எங்கே?" என்று வாயிலிலே நின்று கேட்பார் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். அன்னதானம் நமக்குப் புதிதன்று. சத்திரங்கள் எத்தனை, சாவடிகள் எத்தனை! ஆனால் புண்ணியம் கொடுப்பவனுக்கு. பெறுபவனுக்கோ பந்தியிலே அவன் சாதிக்குரிய இடம். சுரண்டையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத சேரன்மாதேவியிலே, 1922இல் வ.வே.சு. அய்யர் குருகுலம் தொடங்கினார். காங்கிரசுக் கமிட்டியின் பணமும் பொதுமக்கள் பணமும் அதிலே சேர்ந்தன. பணம் பொது, பந்தி மட்டும் பொதுவல்ல! பார்ப்பனச் சிறுவருக்கு உணவு தனியாக. பெரியாரும் வரதராசலுவும் கொதித்தெழுந்தனர். 1925 வரை நாடெங்கும் அதே பேச்சு.

அதே ஆண்டுகளிலே சென்னையிலே நடந்ததைப் பாருங்கள். 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மாணவர்க்கு உணவளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளை அரசு 1925இல் அதை நிறுத்திற்று. பசித்த வயிற்றுக்குள் பாடம் எப்படி இறங்கும் என்று கணக்கெழுதியவருக்குத் தெரியவில்லை.

சேரன்மாதேவியை இன்னொரு முறை நினைவூட்டவேண்டியிருக்கிறது. அங்கே ரயில்வே கேட்டிலே கார் நின்றபோது, ஆடுமாடு மேய்த்த சிறுவரைக் காமராசர், "ஏன் பள்ளிக்குப் போகவில்லை?" என்று கேட்டாராம், "போனால் சோறு கிடைக்குமா?" என்று திருப்பிக் கேட்டார்களாம். கதை எத்தனை வாய் மாறி வந்ததோ! 1956இல் மாநிலமெங்கும் மதிய உணவு தொடங்கிற்று என்பது வரலாறு. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001இல் உச்சநீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தரவேண்டுமென நாடு முழுவதற்கும் ஆணையிட்டது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஒரு கட்சி தொடங்கியதை மறு கட்சி விடவில்லை. விட முடியவில்லை என்பதே பொருத்தம்.

"சரி, ஏழைக்குக் கொடுங்கள், இருப்பவன் பிள்ளைக்கு எதற்கு?" என்று நல்லெண்ணம் கொண்டோரும் கேட்பர். 1997இல் மத்திய அரசு ரேஷனிலே இக்கேள்வியைத்தான் எழுப்பி, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என மக்களைப் பிரித்தது. தமிழகம் அரிசியிலே அப்படிப் பிரிக்க மறுத்தது. கோடு போடுகிறவன் கையிலே அதிகாரம் வந்து சேரும். அவன் முன்னே தன் ஏழ்மையை அவிழ்த்துக் காட்டவேண்டும். காட்டத் தெரியாதவள் பட்டியலிலே இல்லை. இருப்பவனிடம் வரியாக வாங்கிக்கொள்ளலாம். அவன் பிள்ளையும் அதே வரிசையிலே தட்டோடு நின்றால், மற்றப் பிள்ளைக்கு வெட்கமில்லை. சோற்றிலே கல் கிடந்தால் கேட்கவும் ஆள் உண்டு.

வரிசை ஒன்றாகிவிட்டதா என்றால், இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலே, சமைப்பவள் தாழ்த்தப்பட்ட வகுப்பினள் என்பதற்காக ஊராரே மறித்தனர். குருகுலத்துப் பந்தி அடுப்பங்கரைக்கு இடம் மாறியிருக்கிறது!

பீடித் தட்டுக்குத் திரும்புவோம். 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று தீர்வை. அதிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, வீடு. அவள் விரல் சுற்றியதிலிருந்து சேர்ந்த பணம். ட்ரெடிகர் சுரங்கத்தான் போட்டுவைத்த காசுக்கு உடன்பிறப்பு. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வையை நீக்கினர். பீடிக்கு வரி நிற்கவில்லை. பொதுக் கருவூலத்துக்குப் போகிறது, அவள் பெயர் எழுதப்படாமல். நலத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது என்பதை டில்லியிலே முடிவு செய்கின்றனர். சுரண்டையிலே அவள் அடுத்த ஆயிரத்துக்கு இலையை நனைத்துக்கொண்டிருக்கிறாள்.